இரைப்பை பலூன் சிகிச்சையில் எடை எவ்வளவு குறையும்?

இரைப்பை பலூன் என்பது உடல் பருமனுக்குக் கத்தி வைக்காமல் செய்யப்படும் சிகிச்சை. சுருட்டிய சிலிக்கோன் பலூனை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, எண்டோஸ்கோப்பில் பார்த்தபடியே 400 முதல் 700 மில்லி வரை உப்புநீர் நிரப்புவார்கள். இரைப்பையில் இடம் குறைகிறது. உணவும் மெதுவாகவே கீழே இறங்குகிறது. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து, பலூனைக் குத்தி நீரை உறிஞ்சிவிட்டு, போன வழியிலேயே வெளியே எடுப்பார்கள்.

அமெரிக்காவில் 1985இல் அனுமதி பெற்ற கேரன்-எட்வர்ட்ஸ் பலூனில் காற்றுதான் அடைக்கப்பட்டது. இரைப்பைப் புண், காற்றிறங்கிய பலூன் குடலை அடைத்துக்கொள்வது எனத் தொல்லைகள் வரவே, சில ஆண்டுகளில் அது விற்பனையிலிருந்து நீங்கியது. 1987இல் ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸில் கூடிய வல்லுநர்கள், வழவழப்பான, நீர் நிரப்பிய, எக்ஸ்ரேயில் தெரியும் பலூன் வேண்டும் என்றனர். இன்றைய ஆர்பெரா பலூன் அந்த வகையைச் சேர்ந்தது. உப்புநீரில் மெத்திலீன் நீலச் சாயம் கலப்பது உண்டு. பலூன் கசிந்தால் சிறுநீரின் நிறமே மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பலன் எவ்வளவு? இத்தாலியில் 2,515 பேரின் முடிவுகள் 2005இல் வெளியாயின. ஆறே மாதத்தில் அவர்களின் சராசரி பி.எம்.ஐ. 44.4இலிருந்து 35.4ஆக இறங்கியிருந்தது. ஆர்பெராவுக்கு 2015இல் அனுமதி பெற்றுத்தந்த அமெரிக்க ஆய்வில், பலூன் வைத்தவர்கள் சராசரியாக 10 கிலோ, அதாவது உடல் எடையில் 10.2 சதவீதம் குறைந்தனர். பலூன் இல்லாமல் உணவுமுறை, உடற்பயிற்சி ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் குறைத்தது 3.3 சதவீதமே.

சிக்கல் பலூனை எடுத்த பிறகுதான். நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், பலூனோடு ஓராண்டு இருந்தவர்கள் சராசரியாக 21.3 கிலோ குறைத்தனர். பலூன் இல்லாத அடுத்த ஆண்டின் முடிவில் 12.6 கிலோ இழப்பே மிஞ்சியது.

ஆபத்துகளும் உண்டு. முதல் சில நாள் குமட்டலும் வாந்தியும் பலரைப் படுத்தும். தாங்க முடியாமல் முன்கூட்டியே எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வில் ஐந்து பேருக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்தது. அவர்களில் நால்வர் முன்பே இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இருவர் இறந்தனர். கணைய அழற்சி, பலூன் தானாகவே மேலும் உப்பிவிடுதல் ஆகியவை குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் மருத்துவர்களை எச்சரித்தது.

ஆறு மாதத்துக்குள் உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்பவர்களுக்கே இந்தச் சிகிச்சை நின்று பலன் தரும். பலூன் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், அதை எடுத்த பிறகான உணவுத் திட்டத்தையும் தொடர் கண்காணிப்பையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.