உலு கிள்ளானில் உருவான ஓசை

மின்கித்தார் வாசிப்போரின் காலடியில் பச்சை நிறப் பெட்டி ஒன்று கிடப்பதைப் பலர் கண்டிருக்கலாம். கையகலமே உள்ள அப்பெட்டியைக் காலால் ஒருமுறை மிதித்தால் கித்தாரின் தெளிந்த நாதம் சற்றே கரகரத்து, தொண்டை கட்டிய பாடகனின் குரல்போல் உருக்கம் பெறும். 'டியூப் ஸ்கிரீமர்' என்பது அதன் பெயர். ஐபனெஸ் என்னும் வணிகப் பெயரில் எழுபதுகளின் இறுதியில் ஜப்பானிலிருந்து அது வெளிவந்தது. சுசுமு தமுரா என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவி ரே வான் அதைப் பயன்படுத்தியதால் அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று. அப்புகழில் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பங்கு உண்டு என்பதை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

இசைக்கருவியின் தொனியைத் திருத்திக்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. பிரிக்பீல்ட்சில் கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்துவான் செய்வதைப் பார்த்தாலே போதும். தொப்பியின் நடுவே ரவைப் பசையை அப்பி, தட்டிக் கேட்டு, சிறிது கிள்ளி எடுத்து, மீண்டும் தட்டுவார். பசை கூடினால் நாதம் தாழும், குறைந்தால் உயரும். நாகசுரக் கலைஞர் சீவாளியை மாற்றி மாற்றி ஊதிப் பார்ப்பதும் இதே தேடல்தான். பச்சைப் பெட்டியைத் திறந்து திருத்துவோர் ரவைக்குப் பதிலாக ஈயப்பற்றைக் கையாளுகின்றனர், அவ்வளவே.

பெட்டிக்குள் நிகழ்வதும் விளங்காத விந்தையன்று. கித்தாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை ஒரு சில்லு பெருக்குகிறது. அளவு மீறிய அலையின் முகடுகளை டையோடுகள் மழுக்குகின்றன. அம்மழுக்கமே கரகரப்பு. 4,700 ஓம் மின்தடை ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் சேர்ந்து, ஏறத்தாழ 720 அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளை மிகுதியாகப் பெருகவிடாமல் தடுக்கின்றன. ஆகவேதான் அதன் குரலில் கனம் குறைவு. கனம் வேண்டுவோர் அந்த மின்தேக்கியை அகற்றிவிட்டு 0.1 அளவுள்ளதைப் பற்றவைத்தால் எல்லை 340 அளவிற்கு இறங்கும். தாழ்ந்த ஒலிகளும் நிறைந்து வரும். சில காசு விலையுள்ள ஒரு பொருள் குரலையே மாற்றிவிடுகிறது!

1982இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது வெளியீட்டுப் பகுதியின் இரு மின்தடைகள் மாற்றப்பட்டன. முதற்பதிப்பில் 100 ஓமும் 10,000 ஓமுமாக இருந்தவை 470 ஆகவும் 1,00,000 ஆகவும் ஆயின. சில்லுகளும் காலப்போக்கில் வேறுபட்டன. பழைய குரலே இனிது என்று கருதியோர் புதிய பெட்டிகளைத் திறந்து, மின்தடைகளைப் பழைய அளவிற்குத் திருப்பி, பழைய சில்லையும் தேடிப் பொருத்தலாயினர். முதற்பதிப்பின் பெட்டிகள் ஒரு பகுதியில் ஜப்பானியச் சில்லும், மற்றொரு பகுதியில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 'ஆர்சி 4558 பி' என்னும் சில்லும் இருந்தன. எட்டுக் கால்கள் கொண்ட அக்கருஞ்சில்லின் முதுகில் 'மலேசியா' என்று பொறிக்கப்பட்டிருந்தது.

அச்சொல்லின் பின்னணியை இனி நோக்குவோம். 1971இல் சுதந்திர வணிக வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கில் பாயான் லெப்பாசும், சிலாங்கூரில் சுங்கைவே, உலு கிள்ளான் முதலியனவும் தொழிற்களங்களாயின. 1972இல் டெக்சஸ் நிறுவனம் கோலாலம்பூரின் அருகே உலு கிள்ளானில் ஆலை தொடங்கியது. சிலிக்கான் தகடுகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றை அறுத்து, மயிரிழையினும் நுண்ணிய கம்பிகளால் இணைத்து, கூட்டில் அடைத்து, சோதித்து அனுப்புவதே இத்தகைய ஆலைகளின் பணி.

அப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்களே மிகுதி. சீனப் பெண்களும், துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்ப் பெண்களும் இத்தகைய ஆலைகளில் உடன் உழைத்தனர். பால்மரத்தை நோக்கி விடியுமுன் நடந்த தாயின் மகள், ஆலைப் பேருந்தில் ஏறி இரவு முறைக்குச் சென்றாள். பெண்கள் இரவில் உழைப்பதைத் தடுத்த சட்டத்திற்கு ஆலைகள் விலக்குப் பெற்றிருந்தன. நாள் முழுதும் உருப்பெருக்கியில் கண் பதித்திருந்தோர்க்குப் பார்வைக் கோளாறுகள் நேர்ந்ததை எழுபதுகளின் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஊராரோ அவர்களை 'மினா காரான்' என்று ஏளனம் செய்தனர். காரான் என்றால் மின்னோட்டம். அதில் நடத்தையைப் பற்றிய குத்தலும் அடங்கியிருந்தது. நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கிய கைகளுக்குக் கிடைத்த பட்டம் அது!

தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1988இல் மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்று அறிவித்த அரசு, பின்னர் அதை அந்தந்த ஆலைக்குள் இயங்கும் சங்கமாகச் சுருக்கிவிட்டது.

மலேசியச் சில்லின் நாதம் உண்மையிலேயே தனித்தன்மை உடையதா? இதில் கருத்து வேற்றுமை உண்டு. ஒரே வடிவமைப்பில் அமைந்த சில்லுகளுக்கிடையே பெரிய வேறுபாடில்லை. மின்தடைகளும் மின்தேக்கிகளுமே குரலைத் தீர்மானிக்கின்றன என்பர் பொறியாளர் பலர். அவர்கள் கூற்றே வலுவுடையதாகத் தோன்றுகிறது. செவியைவிட எழுத்தையே நம்பி வாங்குவோரும் உளர். எனினும், பழுதின்றிப் பல்லாண்டு இயங்கும் இணைப்பு என்பது கற்பனையன்று. நாற்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும் அப்பெட்டிகள் பல இன்றும் ஒலிக்கின்றன. உலு கிள்ளானில் இணைத்த கம்பி அறுந்துவிடவில்லை.

அந்நாளில் பதினெட்டு வயதில் ஆலைக்குள் நுழைந்தோர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். தாங்கள் இணைத்தது எந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது என்று அவர்களிடம் எவரும் சொன்னதில்லை. சில்லின் முதுகில் நாட்டின் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது.