199 டாலர் ஐபோனின் கணக்கு

2007 ஜூனில் அமெரிக்காவில் ஐபோன் வந்தபோது 8 ஜிபி மாடலின் விலை 599 டாலர். முழுக் காசையும் கொடுத்து வாங்கினாலும் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தம் கட்டாயம். (பணமும் போச்சு, சுதந்திரமும் போச்சு!) செப்டம்பரில் விலை 399 ஆனது.

2008 ஜூலையில் ஐபோன் 3ஜி வெறும் 199 டாலர் என்றார்கள். கடை வாசலில் நீண்ட வரிசை. கூட்டிப் பாருங்கள்: மாத டேட்டா கட்டணம் 20 டாலரிலிருந்து 30 ஆகியிருந்தது. 24 மாதத்துக்கு 240 டாலர் கூடுதல். போன் விலையில் குறைந்ததோ 200 தான்! முன்பு டேட்டாவோடு சேர்ந்தே வந்த 200 எஸ்எம்எஸ்ஸுக்கும் இனி தனிக்காசு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பில் குறையாது என்பதுதான் இதில் பெரிய அநியாயம்.

2013இல் டி-மொபைல் போன் தவணையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. ஐபோன் 5க்கு முன்பணம் 99 டாலர், பிறகு மாதம் 20 வீதம் 24 மாதம். தவணை தீர்ந்ததும் பில்லில் அந்த 20 டாலர் இருக்காது.