சூப்பர்மோட்டோ: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் அன்றாடப் பிரயாணத்துக்கான சீரமைப்பு

சூப்பர்மோட்டோ என்பது, மண்பாதையில் ஓடுவதற்கென்று உயர்ந்த சட்டகமும் நீண்ட முன்ஃபோர்க்கும் கொண்டு செய்யப்பட்ட ஒற்றை ஸிலிண்டர் மோட்டார் சைக்கிளின் 21 அங்குல முன்சக்கரத்தையும் 18 அங்குலப் பின்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, தார்ச் சாலையைப் பற்றி ஓடும் அகலமான டயர்களோடு 17 அங்குலச் சக்கரங்களைப் பூட்டிப் பெறப்படும் கலப்பின வண்டியாகும். மண்பாதை வீரர், தார்ச் சாலை வீரர், வட்டக்களத்து வீரர் ஆகிய மூவகையாரில் யார் தேர்ந்தவர் என்ற பழைய விவாதத்தை ஒரே களத்தில் தீர்த்துவிட வேண்டும் என்ற உத்தேசத்தோடு, 1979-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் பந்தயத் திடலில் ஏ.பி.ஸி. தொலைக்காட்சிக்காக கேவின் டிரிப் என்பவர் அமைத்த ‘சூப்பர்பைக்கர்ஸ்’ போட்டியே இவ்வகை வண்டியின் ஜன்மஸ்தானம். அமெரிக்காவில் அப்போட்டி 1985-க்குப் பின் நின்றுபோயிற்று. ஆனால் அதற்குள் பிரான்ஸ் தேசத்தார் அதைத் தமதாக்கிக்கொண்டு வளர்த்துவிட்டபடியால், 2002-இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அதற்கென்று தனி உலகச் சாம்பியன் போட்டியையே தொடங்கியது.

இந்தியாவில், சாதாரண சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் சூப்பர்மோட்டோ என்ற பெயரோடு வந்த வண்டி வெகுகாலம் வரையில் இருந்ததில்லை. இருந்தவை அதன் உறவுமுறைகளே. 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் 150 ஸி.ஸி. இஞ்சினுக்கு மிஞ்சிய உயரத்தோடு சிலகாலம் ஓடி மறைந்தது. 2012-இல் வந்த கே.டி.எம். டியூக் 200, சூப்பர்மோட்டோ சாயலில் 1994-இல் ஆஸ்திரியாவில் உருவான முதல் டியூக்கின் வம்சத்தில் வந்ததாயினும், பார்வைக்கும் நடைக்கும் சாலை வண்டியாகவே ஆகிவிட்டது. 2019 மே மாதத்தில் வெளியான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 தான், 199.6 ஸி.ஸி. இஞ்சினும், 190 மில்லிமீட்டர் அசைவுள்ள முன்ஃபோர்க்கும், 21, 18 அங்குலக் கம்பிச் சக்கரங்களும், எளிதில் கழற்றிப் பூட்டத்தக்க அமைப்பும் கொண்டு, பட்டறைக்காரர்கள் சூப்பர்மோட்டோவாக மாற்றிப் பார்ப்பதற்கு ஏற்ற மூலவண்டியாக அமைந்தது. ஆதலால் இக்கட்டுரையில் வரும் அளவுகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

பாலக்காடு ஜில்லாவின் கிழக்கோரமும் இடுக்கி ஜில்லாவின் கிழக்கோரமும், தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும் எல்லைப்புறங்கள் என்பதைத் தவிர வேறெந்த விதத்திலும் ஒத்தவை அல்ல. முன்னதில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சமதரையான வாசல்கள். அங்கிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும், பொள்ளாச்சிச் சந்தைக்கும், கோயமுத்தூருக்கும் தினந்தோறும் போய்வருவோர் ஏராளம். பின்னதில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலைமேல் வாசல்கள். தேனி ஜில்லாவின் அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் ஏறிச் செல்லும் தொழிலாளிகளோடு, கணக்குப்பிள்ளைகளும், பள்ளி ஆசிரியர்களும், போடிநாயக்கனூர், புத்தடி ஏலச் சந்தைகளுக்குக் காய் மாதிரி எடுத்துச்செல்லும் வியாபாரிகளும் இருசக்கர வண்டியில் ஏறி இறங்குகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிற பிரயாணம் அது; அந்த உயரத்தில் காற்று மெலிவதனால் இஞ்சினின் பலம் பத்தில் ஒரு பங்களவு குறையும் என்பதையும், 2020-க்குப் பின் வந்த பெட்ரோல் ஊசிமுறை இஞ்சின்கள் கலவையைத் தாமே திருத்திக்கொள்ளுமாயினும் இழந்த பலத்தை மீட்டுத் தரமாட்டா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே, ஒரே வண்டியை ஒரே விதமாக அமைத்து இவ்விரண்டு பிரதேசங்களுக்கும் பொருத்தமென்று சொல்லும் பட்டறைக்காரரின் வார்த்தையை அப்படியே ஏற்கலாகாது.

சக்கர மாற்றம் என்பது ரிம்மையும் டயரையும் மாற்றுவதோடு முடிந்துவிடும் என்ற அபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. எக்ஸ்பல்ஸின் 90/90–21 முன்டயர் ஏறத்தாழ 695 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதே குடும்பத்து 200டி வண்டிக்குரிய 100/80–17 டயரின் விட்டமோ 592 மில்லிமீட்டர். ஆகவே முன்பக்கம் 52 மில்லிமீட்டர் தாழ்கிறது. பின்பக்கத்தில் 120/80–18 போய் 130/70–17 வரும்போது தாழ்வது 18 மில்லிமீட்டர் மாத்திரமே. இந்த வித்தியாசத்தினால் வண்டி முன்னோக்கிக் கவிழ்ந்து, ஃபோர்க்கின் சாய்வு ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த ஃபோர்க் சுறுசுறுப்பாகத் திரும்பும். கொண்டையூசி வளைவில் அது இன்பமே. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து பாய்ந்து வரும்போது, வடக்குத் தெற்காக ஓடும் சாலைகளில் அக்காற்றை விலாப்புறத்தில் வாங்கிக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், உயரமும் இலேசும் சேர்ந்த இவ்வண்டி நிலைகொள்ளாமல் அலையக்கூடும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியவர்கள் இடத்தைத் தெரிந்துதான் நிறுத்தினார்கள்.

அடுத்த விளைவு வேகமானியில் தெரியும். முன்சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு வேகம் காட்டும் அமைப்பாயின், உண்மையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் 47 என்று காட்டும். ஓடிய தூரமும் அவ்வாறே மிகைபட எழுதப்படும். ஏ.பி.எஸ். உணரிக்குரிய பல்வளையத்தைப் புதிய சக்கரத்தில் சரியாகப் பூட்டாவிட்டால், எச்சரிக்கை விளக்கு ஓயாமல் எரிந்து, ஆபத்துக் காலத்தில் அந்தச் சாதனம் உதவாமற்போகும். மற்றொரு பக்கம் அனுகூலங்களும் உண்டு. டிஸ்க்கும் காலிப்பரும் முன்னவையே ஆயினும் சக்கரம் சிறுத்துவிட்டபடியால், அதே விரலழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்துவிசை ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. இந்தக் கூடுதல் விசையைத் தாங்காமல் நீண்ட ஃபோர்க் சடாரென்று முன்னே அமிழும் என்பதால், சற்றுக் கெட்டியான ஃபோர்க் ஆயிலோ, இறுக்கமான ஸ்பிரிங்கோ இடுவது, பளபளப்பான பிரேக் பிடிகள் வாங்குவதைவிட முந்திய அவசியமாகும்.

பல்சக்கரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பின்டயரின் சுற்றளவு ஐந்து சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிடுவதனால், ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமலே வண்டிக்கு மலையேறும் இழுவை கூடிவிடுகிறது. இதை அறியாமல் பின்பல்சக்கரத்தையும் பெரிதாக்கிக் கொள்பவர்கள், வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் நாற்கரச் சாலையில் இஞ்சின் அலற, எண்ணெய் சூடேற, லாரிகள் முந்திச் செல்ல, ஓட்ட வேண்டியவராகிறார்கள். சமதரையில் மாத்திரம் ஓட்டுபவர் முன்பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டிக்கொள்ளலாம். முன்னே ஒரு பல் என்பது பின்னே ஏறத்தாழ மூன்று பற்களுக்குச் சமம் என்பது மெக்கானிக்குகள் அறிந்த வாய்பாடு.

டயர் கிடைக்கும் வசதியைக் கருதினால் 17 அங்குலத்தின் பக்கமே நியாயம் சாய்கிறது. சாலை வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த அளவையே கொண்டிருப்பதால், சித்தூரிலும் பொள்ளாச்சியிலும் தேனியிலும் சாதாரண டயர் கடையில் அது கிடைக்கும். 21 அங்குல டயருக்கோ முன்கூட்டிச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் டியூப் இருப்பதனால் முள் தைத்தால் அவ்விடத்திலேயே நிற்க வேண்டியதுதான். டியூபில்லாத டயரோடு கூடிய அலாய் சக்கரம் பஞ்சர் கடை வரையிலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். கம்பிச் சக்கரத்தையே விரும்புவோர், புதிதாகக் கம்பி கோத்த சில வாரங்களில் மறுபடியும் கோட்டம் எடுத்துக்கொள்ள மறக்கலாகாது.

ஆயினும் இடுக்கியின் தோட்டத்துப் பாதைகளைப் பற்றி என் அபிப்பிராயம் மாறானது. 2018-க்குப் பின் அடுத்தடுத்து மண்சரிவுகளைக் கண்ட தேவிகுளம் கேப் ரோட்டைப் போன்ற இடங்களும், உடும்பன்சோலைப் பக்கத்தில் பிரதான சாலையிலிருந்து ஏலக்காட்டுக்குள் பிரியும் கருங்கல் பாதைகளும், சிறிய முன்சக்கரத்தைக் குழிக்குள் ஆழ இழுத்துக்கொள்ளும். 220 மில்லிமீட்டராக இருந்த அடியிடைவெளி மாற்றத்தினால் 185 அளவுக்குக் குறைந்தும் போகிறது. அங்கே வேலை செய்பவர் 21 அங்குலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தார்ச் சாலைக்கு இசைந்த நெருக்கமான கட்டைகளுடைய டயரை மாத்திரம் மாற்றுவதே உத்தமம். அதைச் சூப்பர்மோட்டோ என்று சொல்ல முடியாதென்று சம்பிரதாயவாதிகள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிப்பவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை சாந்தன்பாறைப் பக்கம் சென்று வரட்டும்.

சட்டத்தின் நிலையைத் தெளிவாக அறிந்துகொள்ளாமல் இவ்வேலையில் இறங்குவது அபாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் விதத்தில் எந்த வாகனத்தையும் மாற்றலாகாது. இப்பிரிவின் பொருளைப் பற்றிய வழக்கொன்று கேரளத்திலிருந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றதும், 2019 ஜனவரியில் அந்நீதிமன்றம் கேரள உயர் நீதிமன்றத்தின் தாராளமான வியாக்கியானத்தைத் தள்ளி, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றுவதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்ததும் இவ்வட்டாரத்து வண்டிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். அதே ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. சக்கர அளவும் தயாரிப்பாளர் குறித்தவற்றுள் அடங்குவதே ஆகையால், மேலே விவரித்த மாற்றத்தைப் பொதுச் சாலையில் ஓட்டும் வண்டிக்குச் செய்பவர் இந்தச் சங்கடத்தைத் தெரிந்தே ஏற்கிறார். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அந்த மாற்றத்தையே காரணம் காட்டக்கூடும். சங்கடம் வேண்டாதவர், தொழிற்சாலையிலிருந்தே 17 அங்குலச் சக்கரத்தோடு வரும் வண்டியை வாங்கி, சூப்பர்மோட்டோவின் லட்சணங்களாகிய அகன்ற ஹேண்டில்பாரையும் நிமிர்ந்த இருக்கையையும் அதிலே காண்பதே விவேகம். சைலன்சர் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை: 175 ஸி.ஸி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு விதிக்கப்பட்ட ஓசை வரம்பு 80 டெஸிபல். வெடியோசை எழுப்பும் குழாயைப் பூட்டிக்கொண்டு விடியற்காலையில் எஸ்டேட் லயங்களின் நடுவே செல்பவருக்கு அயலாரின் சாபமும் உபரியாகக் கிடைக்கும்.

இனி, சட்டத்தின் குறுக்கீடு குறைவாகவும் பயன் நிறைவாகவும் உள்ள சாதனங்கள். பந்தயத்தில் பிறந்த வண்டியாகையால் இதன் இருக்கை குறுகலாகவும் கெட்டியாகவும் இருக்கும். சீட் தைக்கும் கடையில் கொடுத்து, முன்பகுதியைக் கால் ஊன்ற வசதியாக ஒடுக்கமாகவே விட்டு, பின்பகுதியை மாத்திரம் அகலப்படுத்திப் பஞ்சு மாற்றிக்கொண்டால், 823 மில்லிமீட்டர் உயரமும் அவ்வளவாகப் பயமுறுத்தாது. ஷாக் அப்சார்பரைத் தாழ்த்தி உயரத்தைக் குறைப்பது கெட்ட வழி. சுமைக்குப் பின்னே இரும்புக் கேரியர் ஒன்று போதும். இருபுறமும் தகரப் பெட்டி தொங்கவிட்டால் இலேசாக வளைந்தோடும் குணமே போய்விடும், அப்புறம் எதற்காக இந்த வண்டி?

பின் மட்கார்டையும் சாரி கார்டையும் நேர்த்திக்காகக் கழற்றி எறியும் வழக்கம் வாலிபர்களிடையே இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் பாதுகாப்புக்காகக் கைப்பிடியும், கால்வைப்பும், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத தடுப்பும் இருக்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆவது. விதி இருக்கட்டும், பருவமழையில் முதுகு முழுதும் சேறு தெறிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்கும் ஆசிரியரின் நிலையையாவது யோசிக்கலாம். முன் மட்கார்டு மாத்திரம் இவ்வண்டியில் உயரத்தில் நிற்பது நமக்கு நன்மையாக முடிந்திருக்கிறது. சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் உள்ள கரிசல் மண், மழையில் நனைந்தால் தாழ்ந்த மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். உயர்ந்த மட்கார்டில் அந்தத் தொல்லை இல்லை. பதிலாகச் சேற்று நீர் ஆயில் கூலரின் மேல் தெறிப்பதால், அதற்கு முன்னே ஒரு கம்பிவலை இட்டு வாரந்தோறும் கழுவிவிட வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும் நாட்களில் அந்தக் கூலர் அடைபட்டிருப்பது இஞ்சினுக்கு நல்லதல்ல.

மூடுபனிக்கென்று கண்ணைக் கூசவைக்கும் கூடுதல் விளக்குகளைப் பூட்டுவோர், பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் தம் கண்ணுக்கே திரும்பி வருவதைக் கண்டு ஏமாறுகிறார்கள். பனிக்குள் தாழ்ந்த ஒளிக்கற்றையே உதவும். முகவிளக்கின் கோணத்தைச் சற்றே கீழிறக்கி, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில் ஆவி படியாத தகடு ஒட்டிக்கொள்வது செலவும் குறைவு, பலனும் அதிகம். கைகளைக் காக்கும் கவசம் மலையிலே குளிருக்கும் மழைக்கும், சமவெளியிலே காற்றுக்கும் ஆகும். அதைச் சந்தர்ப்பம் பார்க்காமல் எவரும் பூட்டிக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வராமல் இரண்டாம், மூன்றாம் கியரில் இஞ்சினின் பிடிப்பைக்கொண்டு இறங்குபவருக்கு, ஒற்றை ஸிலிண்டர் வண்டி நல்ல துணை.

டாங்கின் கொள்ளளவும் கவனிக்கத்தக்கது. கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230 போன்ற மண்பாதை வண்டியின் டாங்கு 7.6 லிட்டரே கொள்ளும். எக்ஸ்பல்ஸில் 13 லிட்டர் கொள்ளும். 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை சேர்ந்து விலை ஏறியபின், எல்லைவாசிகள் கோபாலபுரத்துக்கு அப்பாலும் கம்பத்திலும் டாங்கை நிரப்பிக்கொண்டே திரும்பும் வழக்கம் வலுத்திருக்கிறது; அந்த வழக்கத்துக்குப் பெரிய டாங்கு வேண்டும். பெட்ரோலைப் போலவே, விலையோ வரியோ குறைவென்று அண்டை மாநிலத்தில் வண்டியைப் பதிவு செய்து இங்கே வைத்து ஓட்டுவோரும் இருக்கிறார்கள். வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. மறுபதிவின்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருப்பதால், கழற்றிய மூலச் சக்கரங்களையும் மட்கார்டையும் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் வீட்டுப் பரணிலே வைத்திருப்பது நல்லது.