பீனிக்ஸுக்குத் தீ வைத்தவர்கள்

இடைவேளை மணி அடித்தாகிவிட்டது. சனங்கள் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தாச்சு. வாத்தியக்காரர்கள் ரெடி. திரைதான் விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடைக்கு ஒருவர் வருகிறார். முகம் வெளுத்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார். இங்கே டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?

உள்ளே, தன் ஒப்பனை அறையில், உலகப் புகழ்பெற்ற ஜெர்மன் இசை நடத்துநர் ஹெல்முட் வெல்லாவர் செத்துக் கிடக்கிறார். (கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை. கையில் சின்னக் குச்சியோடு மொத்த வாத்தியக் குழுவையும் ஆட்டி வைப்பாரே, அவர்.) பக்கத்தில் காபி. காபியில் சயனைட்!

பயப்படாதீர்கள், இது நாவல். அமெரிக்காவில் பிறந்து வெனிஸில் குடியேறிய டோனா லியான் 1992-ல் வெளியிட்ட முதல் துப்பறியும் நாவல். இவர் நாவல் எழுத வந்ததே ஒரு வம்புப் பேச்சில்தான். வெனிஸ் நகரத்தின் லா ஃபெனீச்சே ஆபரா அரங்கில், ஒப்பனை அறையில் நண்பர்களோடு அரட்டை. யாருக்கும் பிடிக்காத ஒரு நடத்துநரைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த ஆளை எப்படித் தீர்த்துக் கட்டலாம், எங்கே வைத்துக் கட்டலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அட, இது நல்ல கதையாச்சே என்று லியான் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டார். ஜப்பானில் ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. அதில் அறிமுகமான கமிஸாரியோ புருனெட்டி அப்புறம் முப்பது நாவல்களுக்கு மேல் துப்பறிந்துவிட்டார். ஒரே ஒரு வேடிக்கை. இந்த நாவல்களை இத்தாலிய மொழியில் மட்டும் பெயர்க்க லியான் சம்மதிக்கவில்லை. குடியிருக்கிற ஊரில் பிரபலமாகிவிட்டால் நிம்மதியாகக் காய்கறி வாங்கக்கூடப் போக முடியாதே!

கொன்றது யார் என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. நாவல் வெளியாகி நாலு வருஷத்தில் அதே அரங்கில் நிஜமாகவே ஒரு குற்றம் நடந்தது. செத்தது நடத்துநர் இல்லை. அரங்கமே!

ஃபெனீச்சே என்றால் பீனிக்ஸ். சாம்பலிலிருந்து எழுகிற பறவை. பெயர் சும்மா வைத்ததில்லை. 1774-ல் வெனிஸின் சான் பெனதெத்தோ தியேட்டர் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். ஆனால், இடம் யாருக்கு என்று ஒரு குடும்பத்தோடு வழக்கு. தியேட்டர் சங்கத்தார் தோற்றுப் போனார்கள். போகட்டும் என்று புது இடம் பார்த்து 1792-ல் ஒன்றைக் கட்டி, பீனிக்ஸ் என்று பெயரும் சூட்டினார்கள். வைத்த பெயரின் ராசியோ என்னமோ, 1836 டிசம்பரில் இதுவும் எரிந்தது. ஒரே வருஷத்தில் எழுந்து நின்றது.

இங்கேதான் 1853-ல் வெர்டியின் 'லா ட்ராவியாட்டா' அரங்கேறியது. படுதோல்வி! காச நோயில் உருகிச் சாக வேண்டிய கதாநாயகியாகப் பாடியவர் நல்ல புஷ்டியான அம்மாள். சாகிற காட்சியில் சனங்கள் சிரித்துவிட்டார்கள். வெர்டி கொஞ்சம் திருத்தினார். மறுவருஷம் இதே வெனிஸில் வெற்றி. எந்தத் தியேட்டரில் தெரியுமா? அந்த சான் பெனதெத்தோவில்!

இனி 1996 ஜனவரி 29. பழுது பார்ப்பதற்காக அரங்கத்தை மூடியிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் புகை. ஊரைச் சுற்றித் தண்ணீர், ஊருக்குள்ளும் தண்ணீர். ஆனால் அரங்கத்தை ஒட்டிய கால்வாய் மட்டும் வறண்டு கிடந்தது. தூர் வாருவதற்காகத் தண்ணீரை இறைத்து வைத்திருந்தார்கள்! தீயணைப்புப் படகுகள் கிட்டேயே வர முடியவில்லை. ஹெலிகாப்டர் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றியது. காற்று அடங்கி இருந்ததால் அக்கம்பக்கத்து வீடுகள் பிழைத்தன. உயிர்ச்சேதம் இல்லை. விடிந்தபோது அரங்கத்தில் மிஞ்சியது வெளிச்சுவர் மட்டும்.

அரங்கத்துக்குப் பின்னால் குடியிருந்தவர் கண்ணாடிக் கலைஞர் ஆர்க்கிமிதே செகூசோ. 86 வயது. ராத்திரி முழுக்க ஜன்னலோரம் நின்று அந்த நெருப்பைப் பார்த்திருந்தார். அப்புறம் பட்டறைக்குப் போய், தான் பார்த்த ஜுவாலைகளையெல்லாம் கண்ணாடிக் குடுவைகளாக ஊதத் தொடங்கினார். அழுது தீர்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி.

யார் செய்தது? விபத்து என்றார்கள். மாஃபியா என்றார்கள். 1991-ல் பாரி நகரத்து ஆபரா அரங்கமும் இப்படித்தான் எரிந்திருந்தது, அது தீ வைப்பு. ஆகவே சந்தேகம் இயல்பானதுதான். அரசு வழக்கறிஞர் ஃபெலீச்சே காஸோன் விசாரிக்க விசாரிக்க, விஷயம் வேறு பக்கம் போயிற்று. மாஃபியாவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அங்கே ஒயரிங் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன்கள் கரெல்லா, மார்கெட்டி. இருவரும் உறவுக்காரர்கள். வேலை கெடு தாண்டிக்கொண்டிருந்தது. தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டும். அதிலிருந்து தப்பத்தான் தீ வைத்தார்கள் என்று 2001-ல் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஏழு வருஷம், ஆறு வருஷம் ஜெயில். மேல் முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. கரெல்லா ஓடிப்போய், 2007-ல் மெக்ஸிகோவில் பிடிபட்டார்.

நாவலில் செத்த வெல்லாவருக்கு நாஜி காலத்து ரகசியமெல்லாம் உண்டு. கொலைக்குக் கனமான காரணம் வைத்தார் லியான். தாமத அபராதத்துக்காக இருநூறு வருஷப் பாரம்பரியம் உள்ள அரங்கத்தைக் கொளுத்தினார்கள் என்று அவர் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லையே என்று எந்தப் பதிப்பாளரும் திருப்பி அனுப்பியிருப்பார்!

எப்படி இருந்ததோ அப்படியே, எங்கே இருந்ததோ அங்கேயே கட்டுவது என்று வெனிஸ் முடிவு செய்தது. கட்டடக் கலைஞர் ஆல்டோ ரோஸியின் வடிவமைப்பு. அவர் 1997-ல் இறந்துபோனார், வேலை தொடர்ந்தது. பழைய அலங்காரம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, விஸ்கான்டி 1954-ல் அங்கே எடுத்த 'சென்ஸோ' படத்தின் காட்சிகளையும் பார்த்தார்கள். ஒலி? தீ விபத்துக்கு இரண்டே மாசம் முன்னால் ஓர் ஒலியியல் நிபுணர் அந்த அரங்கத்தின் ஒலியைக் கருவி வைத்து அளந்து வைத்திருந்தார். அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

2003 டிசம்பரில் ரிக்கார்டோ முட்டியின் கச்சேரியோடு மறுபடி கதவு திறந்தது. முதல் ஆபரா 2004 நவம்பரில். எது என்கிறீர்கள்? லா ட்ராவியாட்டா! அதுவும் 1853-ல் ஊரே சிரித்த அந்தப் பழைய வடிவம். நாவலில் வெல்லாவர் செத்த அன்றைக்கு நடந்ததும் ட்ராவியாட்டாதான். இந்த முறை லோரின் மாசெல் என்ற நடத்துநர் கடைசிக் காட்சி வரை பத்திரமாக நடத்தி முடித்தார்.