பச்சிளம் பாலகரும் சென்மப் பாவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



இந்த யூபிலி மலருக்காக நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினோம். பழுப்பேறிய அந்தத் தாள்களில் ஒரு செய்தி நம் கண்ணை நிறுத்தியது. பிறந்த தேதிக்கும் ஞானஸ்நானம் பெற்ற தேதிக்கும் இடையே அந்நாளில் ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சினால் எட்டு நாள். சில பெயர்களுக்கு இரண்டும் ஒரே தேதி. இன்றைய புத்தகத்திலோ இரண்டு மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு. நம் முன்னோர் ஏன் அப்படி விரைந்து ஓடிவந்தார்கள்? நாம் ஏன் இப்படி ஆற அமர வருகிறோம்?

இக்கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. நாம் குருப்பட்டம் பெற்று முதலில் பணிசெய்த பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் எல்லாரும் தத்தம் உறவினர் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அவர் மட்டும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, முட்புதரோரம் ஒரு மெழுகுவத்தியை நட்டுவிட்டுப் போவார். ஒருமுறை விசாரித்தோம். "என் தலைச்சன் பிள்ளை, சாமி. பிறந்து மூச்சு விட்டதும் போயிருச்சு. தண்ணி ஊத்த ஆள் இல்ல. உள்ள வைக்கக் கூடாதுன்னு இங்க வச்சாங்க. அந்தப் பச்ச மண்ணு என்ன பாவம் செஞ்சுது சாமி?" என்று கேட்டார். குருமடத்தில் படித்த பாடம் நமக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல நாவெழவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆதித் திருச்சபையில்

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் மிகப் பழமையானது. அது அப்போஸ்தலர்களிடமிருந்து வந்த பாரம்பரியம் என்று 3-ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் எழுதினார். ஆயினும் அதன் காரணத்தைப் பற்றி எல்லாரும் ஒரே மனதாய் இருக்கவில்லை. ஏறக்குறைய கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பிள்ளைகள் வளர்ந்து கிறிஸ்துவை அறிந்தபின் வரட்டும் என்றார். குற்றமறியா வயது பாவமன்னிப்பைத் தேடி ஏன் விரைய வேண்டும் என்பது அவர் கேள்வி.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே நகரின் ஆயரான புனித சிப்பிரியானிடம் வேறொரு வழக்கு வந்தது. பீதுஸ் என்பவர், யூதரின் விருத்தசேதனத்தைப் போல எட்டாம் நாள்வரை பொறுக்கலாமே என்றார். பிறந்த சிசு சுத்தமாய் இராது. அதற்குச் சமாதான முத்தம் கொடுக்க மனம் கூசுகிறது என்றும் சொன்னார். சிப்பிரியானோடு கூடிய 66 ஆயர்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. அக்குழந்தை இப்போதுதான் இறைவனின் கையிலிருந்து வந்திருக்கிறது. அதை முத்தமிடுகிறவர் இறைவனின் கரங்களையே முத்தமிடுவதாக எண்ண வேண்டும் என்று சிப்பிரியான் பதில் எழுதினார். அது தானாக ஒரு பாவமும் செய்யவில்லை. ஆதாமின் வழியில் பிறந்ததால் பழைய சாவின் தொற்றை மட்டும் பெற்றிருக்கிறது. அதற்கு மன்னிக்கப்படுவது சொந்தப் பாவமல்ல, பிறருடையது என்றும் விளக்கினார்.

கிழக்குத் திருச்சபையில் நசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் 381-இல் ஆற்றிய உரையில், ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மகிமையும் பெறமாட்டார்கள், தண்டனையும் அடையமாட்டார்கள் என்று நடுவான ஒரு நிலையைச் சொன்னார். இது பிற்காலத்தில் முளைக்கப்போகும் ஒரு கருத்துக்கு விதை.

அகுஸ்தீனாரின் தவிப்பு

இந்த வரலாற்றின் நடுவே நிற்பவர் ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார். தாய் மோனிக்கம்மாள் பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண்மணியாக இருந்தும், மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சிறுவயதில் வயிற்று நோயால் சாகும் நிலைக்கு வந்தபோது அவரே அழுது கேட்டார். நோய் நீங்கியதும் சடங்கு தள்ளிப்போயிற்று. பிறகு 387-ஆம் ஆண்டுப் பாஸ்கா இரவில்தான் மிலான் நகரில் புனித அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். தம் வாழ்க்கையைக் கூறும் நூலில், இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைப் பொறாமையால் முகம் வெளிறிப் பார்த்ததைத் தாம் கண்டதாக எழுதியிருக்கிறார். மனித இயல்பு தொட்டிலிலேயே காயப்பட்டிருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

410-இல் ரோமாபுரி கொள்ளையடிக்கப்பட்டபின், அங்கிருந்த பெலாஜியுஸ் என்ற துறவியும் அவர் சீடர் செலஸ்தியுஸும் ஆப்பிரிக்கா வந்தார்கள். ஆதாமின் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது. குழந்தைகள் ஆதாம் பாவம் செய்யுமுன் இருந்த நிலையிலேயே பிறக்கிறார்கள் என்பது செலஸ்தியுஸின் போதனை. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அகுஸ்தீனார் ஒரே கேள்வி கேட்டார்: அப்படியானால் இந்தக் குழந்தைக்குக் கிறிஸ்து எதற்கு? மீட்பர் தேவையில்லாத மனிதர் ஒருவரும் உண்டோ? 418-இல் கார்த்தேஜில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி, குழந்தைகளுக்குத் தரப்படும் ஞானஸ்நானமும் மெய்யாகவே பாவ மன்னிப்புக்கானது என்று தீர்மானித்தார்கள்.

இதோடு அகுஸ்தீனார் இன்னொரு முடிவையும் சேர்த்துச் சொன்னார். ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் நரகத்தில்தான் இருப்பார்கள். ஆயினும் அவர்களுடையது எல்லாவற்றிலும் மிக இலேசான தண்டனை என்றார். இதை அவர் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. 415-இல் பெத்லகேமிலிருந்த புனித எரோணிமுசுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகளின் தண்டனையைப் பற்றி எண்ணும்போது தாம் பெரும் நெருக்கடியில் சிக்குவதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் மனம் திறந்தார். திருச்சபையின் மாபெரும் வேதபாரகரே திணறிய இடம் இது. அன்று நமக்கு நாவெழாததில் வியப்பில்லை.

தாய்மாரின் கண்ணீர்

நடுக்காலத்து வேதசாஸ்திரிகள் இந்தக் கடுமையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 1109-இல் மறைந்த புனித அன்செல்ம், சென்மப் பாவம் என்பது இருக்க வேண்டிய நீதிநிலை இல்லாமற்போன குறையே என்று விளக்கினார். 1201-இல் பாப்பரசர் 3-ஆம் இன்னொசென்ட், சென்மப் பாவத்தின் விளைவு இறைவனைக் காணும் பேற்றை இழப்பது. நரக வேதனையோ அவரவர் செய்த பாவத்துக்கு உரியது என்று பிரித்துக் காட்டினார். புனித தோமாஸ் அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே சென்று, லிம்போ என்ற நிலையில் அக்குழந்தைகள் வருத்தமின்றி, இயற்கையான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்றார்.

அறிஞர்களுக்கு இது போதுமானதாக இருந்தது; தாய்மாருக்குப் போதவில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரை அடுத்த ஓபர்பூரன் என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டில் மாதா திருத்தலம் ஒன்று இருந்தது. இறந்து பிறந்த சிசுக்களைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அங்கே நடந்து வருவார்கள். சிசுவின் உடலை எரியும் தணலுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே வைத்துச் சூடேற்றி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு சற்றே அசைந்தால், உயிர் திரும்பிவிட்டது என்று சொல்லி உடனே ஞானஸ்நானம் கொடுத்துப் புனித நிலத்தில் அடக்கம் செய்வார்கள். 1486-இல் கொன்ஸ்டான்ஸ் ஆயர் இதைக் கண்டித்து ரோமாபுரிக்கு எழுதினார். பின்னர் அத்தலம் இடிக்கப்பட்டது. 1990-களில் அங்கே அகழ்ந்தவர்கள் ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். ஆயர் கண்டித்தது முறைதான். ஆனால் அந்தப் பெற்றோரின் துயரத்தை நினைக்கும்போது நம் நெஞ்சு உருகவில்லையா?

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராய்ச் சென்று பேச்சறியாக் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு குழந்தையும் தவறிவிடக் கூடாதே என்ற ஏக்கம் அக்காலத்து மிஷனரிகளை விரட்டியது. நம் பழைய புத்தகங்களின் ஒரே தேதிகளுக்குப் பின்னாலும் அதே ஏக்கம்தான் நிற்கிறது.

சங்கங்கள் சொன்னதும் சொல்லாததும்

16-ஆம் நூற்றாண்டில் வாதம் மீண்டும் எழுந்தது. 1525-இல் சூரிச் நகரில் ஒரு சாரார், குழந்தைகள் மாசற்றவர்கள் என்று கூறிப் பெரியவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். லூத்தரோ, ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதரிடம் பாவம் தங்கியே இருக்கிறது என்றார். 1546 ஜூன் 17-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இரு சாராருக்கும் பதில் கூறியது: சென்மப் பாவம் ஆதாமைப் பார்த்துப் பழகுவதால் வருவதல்ல, பிறப்பின் வழியாக வருவது, ஞானஸ்நானம் அதை முற்றிலும் போக்குகிறது. ஆனால் லிம்போவைப் பற்றி அச்சங்கம் எதையும் விசுவாச சத்தியமாக வரையறுக்கவில்லை. 1794-இல் 6-ஆம் பத்திநாதர், லிம்போவைக் கட்டுக்கதை என்று இகழ்ந்தவர்களைக் கண்டித்தார். அப்போதும் அதை நம்பியே தீர வேண்டும் என்று கட்டளையிடவில்லை.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. சுவருக்கு வெளியே குழிகள் வந்தது இதனால்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் நிலைமை மாறியது. 1969-இல் குழந்தைகளுக்கென்றே ஒரு ஞானஸ்நானச் சடங்குமுறை முதன்முறையாக வெளியாயிற்று. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்துபோன குழந்தையை, ஆயரின் அனுமதியோடு திருச்சபைச் சடங்குகளுடன் அடக்கம் செய்யலாம் என்று 1983-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், சென்மப் பாவம் ஒருவர் செய்த பாவமல்ல, வந்து சேர்ந்த நிலை என்று தெளிவாக்கி, அக்குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றது. 2007-இல், பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பரின் இசைவோடு, அனைத்துலக இறையியல் ஆணைக்குழு ஓர் ஏட்டை வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்படைந்து இறைவனின் திருமுகத்தைக் காண்பார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. உறுதியான அறிவு என்று அது சொல்லவில்லை. நம்பிக்கை என்றே சொன்னது.

அந்தத் தாய்க்குப் பதில்

'பாவம்' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாய் வழங்குகிறோம். திருடியவன் பாவம் செய்தான் என்கிறோம். தாயில்லாப் பிள்ளையைப் பார்த்து, ஐயோ பாவம் என்கிறோம். முன்னது செய்கை; பின்னது நிலை. தகப்பன் நிலபுலனைத் தோற்றுவிட்ட வீட்டில் பிறக்கும் பிள்ளை எதையும் தோற்கவில்லை. ஆனாலும் அதற்கு நிலமில்லை. சென்மப் பாவமும் அத்தகையதே. குழந்தை குற்றம் செய்யவில்லை. ஆதிப் பெற்றோர் இழந்த தேவ வரப்பிரசாதம் இல்லாமல் பிறக்கிறது. இழந்ததைத் திருப்பித் தருகிறவர் கிறிஸ்து. அதனால்தான் குற்றமற்ற குழந்தைக்கும் அவர் தேவை.

ஏரோதன் வெட்டிக் கொன்ற பெத்லகேம் பாலகருக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருந்ததில்லை. எனினும் டிசம்பர் 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் என்று அவர்களைப் புனிதர்களாக நாம் கொண்டாடுகிறோம். திருவருட்சாதனங்களால் நாம் கட்டுப்பட்டிருக்கிறோம். இறைவனோ அவற்றால் கட்டுப்பட்டவரல்லர்.

ஆகவே, தாயே, உம் பிள்ளை எந்தப் பாவமும் செய்யவில்லை. உம்மைவிட அதை அதிகம் நேசிக்கிறவரின் கையில் அது இருக்கிறது. இந்தப் பதிலைக் கேட்க அந்த மூதாட்டி இன்று உயிரோடில்லை. அவரும் பிள்ளையும் ஒருவரையொருவர் கண்டிருப்பார்கள் என்று நம்புகிறோம்.

இளம் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பயம் விலகியது நல்லதே. ஆனால் அதோடு ஆவலும் விலகிவிடக் கூடாது. பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று இன்றும் திருச்சபை கேட்கிறது. விருந்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையை அருளின் வாசலில் காக்க வைக்காதீர்கள்.

நமது கல்லறைத் தோட்டத்தின் சுவரோரமும் பெயரில்லாச் சிறு மேடுகள் உண்டு. இந்த யூபிலி ஆண்டின் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, பூசைக்குப்பின் அந்த நிலத்தை மந்திரித்து, அங்கே ஒரு சிலுவை நாட்டுவோம். உங்கள் குடும்பத்தில் அப்படிப் போன பிள்ளை உண்டானால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், ஒரு மெழுகுவத்தியோடு வாருங்கள்.

பாலகரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் உங்கள் தொட்டில்களையும் ஆசீர்வதிப்பாராக.