சவண்டலையின் வைரமும் வளைவும்: திருகோணமலைக் காட்டிலிருந்து சென்னைக் கரைவரை

1. ஆய்வுப் பொருள்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரை மர வணிகத்தில் நிலைநிறுத்தியது சவண்டலை. சிங்களவர் ஹல்மில்ல என்பர். ஆங்கிலேயர் காலத்தில் இதன் பலகை 'திருகோணமலை மரம்' என்றே சென்னைவரை அறியப்பட்டது. அதன் உறுதியையே பலரும் போற்றினர். உறுதியோடு கூடிய நெகிழ்வே அதன் தனிச்சிறப்பு என்பது என் துணிபு.

2. தாவர இயல்பு

2.1 வகைப்பாடு: தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ, சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியின் நினைவாக இப்பேரினத்துக்குப் பெர்ரியா எனப் பெயரிட்டார். இன்றைய முழுப்பெயர் பெர்ரியா கார்டிஃபோலியா. பூவரசும் பருத்தியும் அடங்கும் மால்வேசியே குடும்பத்தில் இது இன்று சேர்க்கப்படுகிறது.

2.2 வாழிடம்: கடலோரத்தை அடுத்து உள்ளே விரியும் உலர்வலயக் காடு. வடகீழ்ப் பருவமழையை நம்பிய அந்நிலத்தில் முதிரை, பாலை, வீரை, கருங்காலி ஆகியவை இதன் அயல்மரங்கள்.

2.3 உறுப்புகள்: நீண்ட காம்பில் மாறிமாறி அமைந்த இலை, இதய வடிவம் கொண்டது, அடியிலிருந்து ஐந்து முதல் ஏழு நரம்புகள் விரியும். சிறு வெண்பூக்கள் கொத்தாகப் பூக்கும். இதழ் ஐந்து, மகரந்தத்தாள்கள் பல. கனிதான் மரத்தைக் காட்டிக்கொடுக்கும். முற்றி வெடிக்கும் அவ்வுலர்கனியில் பெரும்பாலும் ஆறு சிறகுகள் விரிந்து நிற்கும். விதைமேல் விறைத்த சுணை உண்டு, கைபட்டால் அரிக்கும்.

3. வைரத்தின் தன்மை

இம்மரத்தின் வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, கருஞ்சிவப்பு, பாரமானது. நார் நேராக ஓடும். ஈரம் எளிதில் கெடுக்காது. அழுத்தினால் வளைந்து மீளும்.

4. சான்று: மசூலாப் படகு

சென்னையில் செயற்கைத் துறைமுகப் பணி 1875இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிடும்; ஆளையும் சரக்கையும் பேரலை கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியால் இறுக்கிய படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும். ஆகவே பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். தையல் மட்டும் நெகிழ்ந்து பலகை விறைத்து நின்றால் பயனில்லை; பலகையும் வளைந்து மீள வேண்டும். அப்படகுகளுக்குச் சவண்டலை ஏன் உகந்ததாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

5. துணைச்சான்று: பீப்பாய்

பீப்பாய்ப் பலகையும் இதே மரத்தில் அறுக்கப்பட்டது. வயிறு பருத்த பீப்பாய்க்குப் பலகை வளைய வேண்டும், வெடிக்கக் கூடாது, உள்ளிருக்கும் நீர்மம் கசியவும் கூடாது. ஒரே காட்டில் வளர்ந்தும், அழகிய ரேகை கொண்ட முதிரை தளபாடத்துக்குப் போக, சவண்டலை படகுக்கும் பீப்பாய்க்கும் போனது.