த பிகெஸ்ட் லூசர்

த பிகெஸ்ட் லூசர் என்பது அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2004 அக்டோபர் 19 முதல் 2016 வரை பதினேழு பருவங்களாக ஒளிபரப்பான உடல் எடைக் குறைப்புப் போட்டி ஆகும். 2020 இல் யூஎஸ்ஏ நெட்வொர்க் அலைவரிசையில் மேலும் ஒரு பருவம் ஒளிபரப்பானது. ஆங்கிலத்தில் லூசர் என்னும் சொல் இழப்பவர், தோற்றவர் என இரு பொருள் தரும். தலைப்பு இச்சிலேடையில் அமைந்ததாகும்.

போட்டி முறை

மிகுந்த உடற்பருமன் கொண்டோர் வீட்டை விட்டு விலகிக் கலிபோர்னியாவில் ஒரு பண்ணை வளாகத்தில் தங்க வைக்கப்பட்டனர். நாளொன்றுக்குப் பல மணி நேர உடற்பயிற்சியும் குறைந்த கலோரி உணவும் விதிக்கப்பட்டன. வாரந்தோறும் எடை பார்க்கப்பட்டு, குறைவாக இழந்தோரில் ஒருவர் பெரும்பாலும் சக போட்டியாளர் வாக்கினால் வெளியேற்றப்பட்டார். பெரும்பாலான பருவங்களில் எடையிழப்பு கிலோ கணக்கில் அல்லாது, உடல் எடையின் விழுக்காடாகவே கணிக்கப்பட்டது. என்பிசி பருவங்களின் முதற்பரிசு 250,000 டாலர். பாப் ஹார்ப்பர், ஜிலியன் மைக்கேல்ஸ் ஆகியோர் பெரிதும் அறியப்பட்ட பயிற்றுநர்கள்.

உணர்ச்சித் தூண்டல்

நிகழ்ச்சி உடற்பயிற்சியைவிட உணர்ச்சியையே மையமாகக் கொண்டிருந்தது எனலாம். ஓடுபொறியில் ஓடிக் களைத்து நிற்பவரிடம் பயிற்றுநர் உரத்த குரலில் அதட்டுவார். அவர் அழத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்தி, ஏன் இவ்வளவு உண்ண நேர்ந்தது என வினவுவார். பெற்றோரின் மரணம், மணமுறிவு, சிறுவயது அவமானம் என ஏதேனும் ஒன்று வெளிப்படும். வீட்டிலிருந்து வரும் காணொளிச் செய்தியும், மேலாடையின்றி எடைப்பொறியில் ஏறி நிற்கும் காட்சியும் இதற்குத் துணை நின்றன. தீராத துயரமே பருமனுக்குக் காரணம், துயரைப் பேசித் தீர்த்து மனவுறுதி கொண்டால் எடை குறையும் என்பதே இவற்றின் உட்பொருள்.

உளவியலில் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் தன்னிர்ணயக் கோட்பாடு, பிறர் நெருக்குதலால் எழும் ஊக்கத்தையும் தன் விருப்பால் எழும் ஊக்கத்தையும் வேறுபடுத்துகிறது. இவ்விருவரும் பங்கேற்று 1996 இல் வெளியான எடைக் குறைப்பு ஆய்வொன்றில், தம் சொந்தக் காரணங்களுக்காகச் சேர்ந்தோரே குறைத்த எடையைப் பின்னரும் கூடுதலாகத் தக்கவைத்தனர். பரிசுத் தொகை, வெளியேற்ற அச்சம், படக்கருவி ஆகியன முதல் வகையைச் சேர்ந்தவை.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர், 2009 இல் ஒளிபரப்பான எட்டாம் பருவத்தின் 16 போட்டியாளரில் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அளந்தனர். முடிவுகள் 2016 இல் ஒபீசிட்டி ஆய்விதழில் வெளியாயின. போட்டி முடிவில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்த இவர்கள், அதில் 41 கிலோவை மீளப் பெற்றிருந்தனர். ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றல், அவர்களின் அப்போதைய உடலமைப்புக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. எடை திரும்பிய பின்னும் இக்குறைவு நீங்கவில்லை என்பதே வியப்புக்குரியது. பசியை அடக்கும் லெப்டின் இயக்குநீரும் போட்டிக்கு முந்தைய அளவை எட்டவில்லை. அதாவது, அதே எடையுள்ள வேறொருவரைவிடக் குறைவாக உண்டாலும் இவர்களுக்கு எடை ஏறும். பசியோ கூடுதலாக இருக்கும். பயிற்றுநரின் அதட்டலுக்கு இக்கணக்கில் இடமேதும் இல்லை.

உடற்பயிற்சி பயனற்றது என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதே 14 பேரைப் பற்றி 2017 இல் வெளியான கட்டுரையின்படி, எடையை ஓரளவு தக்கவைத்தோர் தம் உடலுழைப்பைத் தொடக்க நிலையிலிருந்து 160 விழுக்காடு கூட்டியிருந்தனர். மீண்டும் பருத்தோரிடம் இது 34 விழுக்காடே. எனினும் 2022 இல் ஹால் எழுதிய மறுவிளக்கம், ஓய்வுநிலை ஆற்றல் குறைவுக்கு அந்த மிகையான உடலுழைப்பே ஒரு காரணமாகலாம், உடல் அதனை ஈடுசெய்கிறது என்கிறது.

விமர்சனம்

2014 இல் பதினைந்தாம் பருவ வெற்றியாளர் 118 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு, அதாவது ஏறத்தாழ 60 விழுக்காடு இழந்து மேடையேறியபோது பயிற்றுநர்களே திகைத்து நின்றது நேரலையில் பதிவானது. விழுக்காடு மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கும் போட்டியில் இது எதிர்பாராத விளைவு அன்று.

பார்வையாளர் மீதான தாக்கமும் ஆராயப்பட்டுள்ளது. 2012 இல் வெளியான ஆய்வொன்றில், இந்நிகழ்ச்சியின் ஒரு பகுதியைக் கண்டோரிடம் பருமனானவர் மீதான வெறுப்பும், எடை முழுதும் தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்னும் நம்பிக்கையும் மற்றோரைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. போட்டியாளர் சிலரின் கசப்பான நினைவுகளை 2025 இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஆவணத்தொடர் பதிவு செய்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் இதன் உள்நாட்டுப் பதிப்புகள் தயாரிக்கப்பட்டன. இந்தியாவில் 2007 இல் பிகெஸ்ட் லூசர் ஜீதேகா என்ற பெயரில் சகாரா ஒன் அலைவரிசையில் இந்தியில் ஒளிபரப்பானது. நடிகர் சுனில் செட்டி தொகுத்து வழங்கினார்.